ஒரே மனிதர், இரண்டு மனுக்கள்: எல்-1பி மறுப்புக்குப் பிறகு எச்-1பி

சென்னை ஐடி நிறுவனங்களின் விசாப் பிரிவில் இருப்பவர்களுக்கு "எல் ரிஜெக்ட் ஆயிடுச்சு, எச் போடலாமா?" என்ற கேள்வி பழகிப்போன ஒன்று. எல்-1பி, எச்-1பி இரண்டும் அமெரிக்க வேலை விசா வகைகள். போடலாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஒரு வகை விசா மறுக்கப்பட்டதால் இன்னொரு வகைக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி, பழைய கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் புது மனு போட்டவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். இங்கே எழுதுவது 2017க்கும் 2019க்கும் இடையில் நான் கையாண்ட ஒரு கோப்பு. சம்பந்தப்பட்டவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில சொந்த விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் நடைமுறையும் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்கின்றன.

அவர் விருதுநகர் மாவட்டத்துக்காரர். மெக்கானிக்கல் பி.இ. 2009இல் கேம்பஸ் தேர்வில் மென்பொருள் நிறுவனத்துக்கு வந்து, பயிற்சியில் ஜாவா கற்று, அதிலேயே நிலைத்துவிட்ட ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். நிறுவனம் சொந்தமாகச் செய்து விற்கும் காப்பீட்டு இழப்பீட்டு மென்பொருள் ஒன்று உண்டு. 2013 முதல் அதில் வேலை. வாடிக்கையாளர், காப்பீட்டுத் தொழிலுக்குப் பேர்போன கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த ஓர் அமெரிக்க நிறுவனம். மென்பொருளை அங்கே நிறுவி ஓடவைக்க ஆள் தேவைப்பட்டது. இவரை எல்-1பி விசாவில் அனுப்ப முடிவானது.

எல்-1பி என்பது ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாகும், தனித்தேர்ச்சி அறிவு கொண்ட ஊழியருக்கானது. முந்தைய 3 ஆண்டுகளில் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டில் வேலை பார்த்திருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஆளுக்கொரு மனு போடுவதில்லை. 'பிளாங்கெட்' என்று எல்லோரும் சொல்லும் மொத்த ஒப்புதல் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். ஊழியர் ஐ-129எஸ் படிவத்தையும் நிறுவனத்தின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரே நேர்காணலுக்குப் போய்விடலாம். 2011 டிசம்பரில் இந்தியா முழுமைக்குமான பிளாங்கெட் எல் விண்ணப்பங்களைச் சென்னைத் துணைத் தூதரகத்துக்கே ஒதுக்கினார்கள். டெல்லிக்காரரும் புனேக்காரரும் ஜெமினி மேம்பாலத்தடியில் வந்து வரிசையில் நின்றது அதனால்தான்.

பிளாங்கெட்டில் வசதி இருக்கிறது. சிக்கலும் அதற்குள்ளேயே இருக்கிறது. மற்ற வேலை விசாக்களில் மனுவை ஆராய்வது அமெரிக்காவில் இருக்கும் குடியேற்றச் சேவைத் துறையான யூஎஸ்சிஐஎஸ். தூதரகம் பார்ப்பது விசாவை மட்டும். பிளாங்கெட்டில் இந்த ஆளுக்குத் தனித்தேர்ச்சி இருக்கிறதா என்ற கேள்வியும் சேர்த்தே தூதரக நேர்காணல் ஜன்னலில் முடிவாகிறது, அதுவும் சில நிமிடங்களில். அங்கே அதிகாரிக்கு விதிக்கப்பட்ட அளவுகோல் கடுமையானது: பார்த்த மாத்திரத்தில் சந்தேகமின்றி ஒப்புதல் தரத்தக்கதாக இருக்க வேண்டும். 'இருக்கலாம்' என்று தோன்றினால் போதாது. சந்தேகம் வந்தால் மறுக்க வேண்டியதுதான்.

2017 செப்டம்பரில் இவருக்கு மறுத்தார்கள்.

மறுப்புக்குப் பிறகுதான் கோப்பு என் கைக்கு வந்தது. முதலில் ஆதரவுக் கடிதத்தை வாசித்தேன். நீளமான கடிதம். நிறுவனத்தின் வரலாறு, ஆண்டு வருமானம், விருதுகள் எல்லாம் இருந்தன. இவரைப் பற்றிய பகுதி மூன்றாம் பக்கத்தின் அடியில் தொடங்கியது. அதே வாசகங்களோடு வேறு பெயரில் இன்னும் சில கடிதங்கள் எங்கள் பொதுக் கோப்பறையிலேயே கிடந்தன. 'ஜாவா, ஆரக்கிள், அஜைல் முறையில் மேம்பாடு' என்று பட்டியலிட்டிருந்தார்கள். ஊரில் யாருக்கும் தெரிந்த தொழில்நுட்பங்களை அடுக்கிவிட்டு இவருக்குத் தனித்தேர்ச்சி என்றால் யார் ஏற்பார்கள்? நிறுவனத்தின் சொந்த மென்பொருளைப் பற்றியும், இழப்பீட்டு விதிகளைக் கணக்கிடும் அதன் உள்ளெஞ்சினை இவர் எப்படி வளர்த்தார் என்பதைப் பற்றியும் இரண்டே வரி. 2015 ஆகஸ்டில் யூஎஸ்சிஐஎஸ் வெளியிட்ட எல்-1பி குறிப்பாணை, அந்த அறிவு ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டியதில்லை, நிறுவனத்துக்கே உரியதாகவும் இருக்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தில் ஒப்பீடே கிடையாது.

அடுத்து அவரிடம் உட்கார்ந்து நேர்காணலில் நடந்ததைச் சொல் சொல்லாகக் கேட்டேன். இதை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லும் பழக்கம் எங்கள் பிரிவில் பிறகுதான் வந்தது. நல்லவேளை, அவருக்கு ஞாபகசக்தி அதிகம்.

"புதுசா ஒருத்தர் வந்தா இதைக் கத்துக்க எவ்வளவு நாளாகும்னு கேட்டாங்க மேடம். ஜாவா தெரிஞ்சவங்கன்னா மூணு நாலு மாசம்னு சொன்னேன். எப்போலருந்து லீடுன்னு கேட்டாங்க. 2015ன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

மூன்று நான்கு மாதத்தில் கற்றுவிடலாம் என்ற பதில் எல்-1பியை முடித்துவிட்டது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது உண்மை. லீட், அதாவது குழுத்தலைவர், ஆன ஆண்டைச் சொன்ன இரண்டாவது பதில் அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை. இந்தக் கோப்பின் உயிர் அதில்தான் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுப்பு என்றால் என்ன, எது அல்ல

பிளாங்கெட் எல் மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அதிகாரி காரணத்தை ஐ-129எஸ்ஸில் குறித்துத் தந்துவிடுவார். அத்தோடு ஊழியர் மேல் தடை எதுவும் விழுவதில்லை. பொய் சொன்னார் என்று பதிவானால்தான் நிலைமை வேறு. குடியேற்றச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி)(ஐ) பிரிவு, முக்கியமான உண்மை ஒன்றைத் தெரிந்தே திரித்துச் சொன்னவர் அமெரிக்காவுக்குள் வர வாழ்நாள் தடை விதிக்கிறது. விலக்கு கேட்கலாம் என்றாலும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஆக முதல் வேலை, மறுப்புத் தாளில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. இவர் தாளில் தகுதி நிரூபிக்கப்படவில்லை என்ற அளவில்தான் இருந்தது. மூச்சு வந்தது.

இனி என்ன செய்யலாம் என்று பேச்சு தொடங்கியதும் திட்ட மேலாளர் முதலில் சொன்னது பி-1. "ரெண்டு மாசம் பிசினஸ் விசால போயிட்டு வந்துரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." இந்த யோசனை எல்லா நிறுவனத்திலும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும். பி-1இல் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், ஒப்பந்தம் பேசலாம். மென்பொருளை நிறுவிக் குறியீடு எழுதும் வேலையைச் செய்யக் கூடாது. இந்த விவகாரத்தில் 2013 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்துக்கொண்டே 3.4 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. விண்ணப்பதாரர் அமெரிக்காவிலேயே குடியேற நினைப்பவர் என்று 214(பி) பிரிவு முன்கூட்டியே அனுமானிக்கிறது. எச்-1பிக்கும் எல்-1க்கும் அந்த அனுமானத்திலிருந்து விலக்கு உண்டு, பி-1க்குக் கிடையாது. பல ஆண்டு வேலைக்குப் போக முயன்று மறுக்கப்பட்டவர் மறுமாதமே 'சும்மா ஒரு மீட்டிங்' என்று போய் நின்றால் அதிகாரி என்ன நினைப்பார்? பி-1 பேச்சு அன்றோடு நின்றது.

இரண்டாவது வழி தனி எல்-1 மனு. பிளாங்கெட்டில் மறுக்கப்பட்டவருக்காக யூஎஸ்சிஐஎஸ்ஸிடம் தனியாக மனு போட விதிகள் இடம் தருகின்றன. அங்கே அளவுகோல் இளகியது: எது உண்மையாக இருக்க அதிக வாய்ப்பு என்று ஆதாரங்களை எடைபோட்டுப் பார்ப்பார்கள். அவர் மனைவி மருந்தாளுநர். எல்-1 என்றால் அவருக்கு எல்-2 விசாவில் வேலை அனுமதி கிடைத்திருக்கும். எச்-1பிக்காரரின் துணைவருக்கான எச்-4இலோ, கணவரின் கிரீன் கார்டுக்கான படிகளில் ஒன்றான ஐ-140 மனு ஒப்புதலான பிறகுதான், அதுவும் 2015இல் வந்த விதிப்படி. அந்த விதியையே எடுத்துவிடப் போவதாக 2017இல் பேச்சு அடிபட்டது. ஆகவே குடும்பத்துக்கு எல்தான் நல்லது. அவர்களும் அதைத்தான் விரும்பினார்கள்.

எங்களைத் தடுத்தது 2004ஆம் ஆண்டின் எல்-1 சீர்திருத்தச் சட்டம். எல்-1பி ஊழியர் வேறு நிறுவனத்தின் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால், அவரை முதன்மையாக மேற்பார்வையிடுவது அந்த வேறு நிறுவனமாக இருக்கக் கூடாது. வெறும் ஆள் அனுப்பும் ஏற்பாடாகவும் இருக்கக் கூடாது. ஹார்ட்ஃபோர்டில் எங்கள் தரப்பு மேலாளர் யாரும் இல்லை. அன்றாட வேலையை ஒதுக்கப்போவது வாடிக்கையாளரின் ஆள். காகிதத்தில் வேறு மாதிரி எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படி எழுதிய கடிதங்களால்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று நானும் சொல்ல வேண்டியிருந்தது.

எஞ்சியது எச்-1பி. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் குலுக்கலில் பெயர் விழ வேண்டும்; 2018 ஏப்ரலில் ஒரே வாய்ப்பு.

இரண்டு மனுக்கள் கேட்கும் இரண்டு கதைகள்

எல்-1பிக்கு, இந்த ஆள் மற்றவர்களைப் போல அல்ல என்று காட்ட வேண்டும். எச்-1பிக்கு ஆளைவிட வேலைதான் முக்கியம்: இந்த வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் பட்டம் அவசியம், இவரிடம் அந்தப் பட்டமோ அதற்கு ஈடானதோ இருக்கிறது. எல்-1பியில் இவர் மெக்கானிக்கல் படித்ததை யாரும் பெரிதாகக் கிளறவில்லை. எச்-1பியில் அதுதான் முதல் கேள்வி. எல்-1பிக்குச் சந்தைச் சம்பளக் கணக்கு கிடையாது. எச்-1பிக்குத் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ சான்று வாங்க வேண்டும், அதில் அந்த ஊரில் அந்த வேலைக்குரிய சம்பளப் படி நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

இந்தப் படி விஷயத்தில்தான் முதல் உரசல். செலவைக் குறைக்க முதல் படியிலேயே போட்டுவிடலாம் என்று நிதிப் பிரிவு விரும்பியது. முதல் படி என்றால் மேற்பார்வையில் பழகும் புதியவரின் வேலை. ஏழு மாதத்துக்கு முன்னால் 'இவரைப் போல ஆள் கிடைப்பது அரிது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே நிறுவனம், இப்போது இது கற்றுக்குட்டிக்கான வேலை என்று எழுதுவதா? படி தீர்மானமாவது வேலையின் தேவையால், ஆளின் அனுபவத்தால் அல்ல என்பது சரிதான். இருந்தாலும் அங்கே அவர் செய்யப்போவது உண்மையிலேயே குழுத்தலைவரின் வேலை. மூன்றாம் படியில் போட்டோம். நிதிப் பிரிவில் ஒருவர் என்னிடம் வெகுநாள் பேசவில்லை.

அடுத்தது பெரிய சிக்கல். கணினித் துறைப் பட்டம் இல்லாதவருக்கு அனுபவத்தைப் படிப்புக்கு ஈடாகக் காட்டும் வழி ஒன்று உண்டு. எங்கள் வட்டத்தில் 'மூன்றுக்கு ஒன்று' என்பார்கள். 3 ஆண்டுத் தொழில் அனுபவம் ஓராண்டுக் கல்லூரிப் படிப்புக்குச் சமம். ஆனால் வெறும் ஆண்டுக் கணக்குப் போதாது. பொறுப்பு படிப்படியாக உயர்ந்திருக்க வேண்டும், அதே தகுதி கொண்டவர்களோடு வேலை பார்த்திருக்க வேண்டும். ஆகவே 2009 முதல் என்னென்ன பதவி, எப்போது உயர்ந்தார் என்று மனிதவளப் பிரிவு அனுபவக் கடிதம் தர வேண்டும்.

வந்த வரைவைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. '2013 முதல் விதி எஞ்சினின் தலைமை வடிவமைப்பாளர்' என்று இருந்தது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேடினால், பழைய எல்-1 கடிதத்தில் அதே வாக்கியம். பதவி உயர்வு உத்தரவோ வேறு சொன்னது: 2013இல் சாதாரண டெவலப்பர், 2015 ஜூலையில்தான் லீட். எல்-1 கடிதம் எழுதியவர்கள் இரண்டு வருடத்தை ஊதிவிட்டிருக்கிறார்கள். ஊழியர் அதை வாசித்தாரா என்று கேட்டேன். நேர்காணலுக்கு முந்தின நாள் கையில் கொடுத்தார்களாம். முதல் பக்கத்தோடு மூடிவைத்துவிட்டார்.

அவருக்கு இப்போது பயம் வந்துவிட்டது.

"மேடம், பழைய லெட்டர்ல இருக்கறதையே போட்டுருங்க. மாத்தினா ரெண்டுல எது பொய்னு கேப்பாங்க. நான் மாட்டிக்குவேன்."

இந்தப் பயம் நியாயமானது. இதே காரணத்துக்காகப் பழைய பொய்யைத் தொடர்ந்தவர்களும் உண்டு. 2013 என்று விட்டால் அனுபவக் கணக்கும் நன்றாக வரும், பழைய கடிதத்தோடும் ஒத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் பாதுகாப்பான வழி அதுதான். நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: ஜன்னலில் அதிகாரி கேட்டபோது எந்த ஆண்டைச் சொன்னீர்கள்?

2015.

தூதரக அதிகாரிகள் நேர்காணலில் கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் கணினியில் குறிப்பாகப் பதிகிறார்கள். அந்தப் பதிவு உலகம் முழுவதும் உள்ள அமெரிக்கத் தூதரகங்களுக்குப் பொதுவான தரவுதளத்தில் கிடக்கிறது. கடிதத்தின் நகலை அவர்கள் வைத்திருக்கலாம், வைக்காமலும் போயிருக்கலாம். இரண்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். அப்படிப் பார்த்தால் அவர் வாயால் சொன்னது ஏற்கெனவே பதவி உயர்வு உத்தரவோடு ஒத்துப்போகிறது. 2013 என்று மறுபடி எழுதினால், இதுவரை நிறுவனத்தின் தவறாக இருந்தது இனி அவர் கையெழுத்திட்ட பொய்யாகிவிடும். 2015 என்று எழுதினால் பொய்யாவது கடிதம் மட்டுமே. எல்-1பியைக் கெடுத்த அதே நேர்காணல் இப்போது அவருக்குச் சாட்சி.

மனுவை எடுத்து நடத்திய அமெரிக்க வழக்கறிஞரும் இதையே சொன்னார், இன்னும் ஒரு படி மேலே போய். திருத்தினால் மட்டும் போதாது, திருத்தியிருக்கிறோம் என்று சொல்லவும் வேண்டும். எங்கள் மேலாளர் எழுதிய வரி, முந்தைய கடிதத்தில் பொறுப்பேற்ற ஆண்டு 'பொதுப்படையாக' குறிக்கப்பட்டிருந்தது என்று நழுவியது. வழக்கறிஞர் அதை அடித்துவிட்டு 'தவறாக' என்று போட்டார். கீழே பதவி உயர்வு உத்தரவையும் சம்பளச் சீட்டுகளையும் இணைத்தோம். நிறுவனம் தன் தவறைத் தானே எழுதிக் கொடுப்பது லேசில் நடக்கிற காரியமல்ல; மேலிடத்தில் இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் கையெழுத்தானது.

இங்கேயே இன்னொரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் தடுக்கி விழுந்தவர்கள் நிறைய. நிறுவனம் நிரப்பும் ஐ-129 படிவம், இப்போது கேட்கும் அதே வகை கடந்த 7 ஆண்டுகளில் மறுக்கப்பட்டதா என்று கேட்கிறது. இவருக்கு மறுக்கப்பட்டது எல், கேட்பது எச். அந்த இடத்தில் 'இல்லை' என்பதே சரியான பதில். ஆனால் ஊழியர் நிரப்பும் டிஎஸ்-160 படிவம் எந்த அமெரிக்க விசாவாவது எப்போதாவது மறுக்கப்பட்டதா என்று கேட்கிறது. அங்கே 'ஆம்'. முதல் படிவத்தைப் பார்த்து இரண்டாவதையும் நிரப்பினால் தீர்ந்தது கதை. சில கன்சல்டன்சிக்காரர்கள் 'இல்லைன்னே போடுங்க, யாரு பாக்கப்போறாங்க' என்று தைரியமும் சொல்வார்கள். பத்து விரல் ரேகையும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

லாட்டரியும் ஆர்எஃப்இயும்

2018இல் இப்போதைய முன்பதிவு முறை வரவில்லை. முழு மனுவையும் கட்டாகக் கட்டி ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்ப வேண்டும். ஏப்ரல் 2 முதல் 6 வரை 1,90,098 மனுக்கள் போய்ச் சேர்ந்தன. இடம் 85,000, அதில் 20,000 அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு. 11ஆம் தேதி குலுக்கல் முடிந்தது. இவர் பெயர் விழுந்தது. இதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

கூடுதல் கட்டணம் செலுத்தி 15 நாளில் முடிவு வாங்கும் பிரீமியம் வசதியை அந்த ஆண்டு லாட்டரி மனுக்களுக்கு நிறுத்திவைத்திருந்தார்கள். காத்திருந்தோம். அக்டோபரில் ஆர்எஃப்இ வந்தது, அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம். 2017 ஏப்ரலில் ட்ரம்ப் கையெழுத்திட்ட 'அமெரிக்கரையே வேலைக்கு எடு' உத்தரவுக்குப் பிறகு ஆர்எஃப்இ வருவது வெகுவாகக் கூடியிருந்த காலம் அது. இவருக்கு மூன்று கேள்வி. இந்த வேலைக்குத் துறைசார் பட்டம் உண்மையிலேயே தேவையா? மெக்கானிக்கல் பட்டம் எப்படிப் பொருந்தும்? வாடிக்கையாளர் இடத்தில் மூன்று ஆண்டுக்கும் வேலை இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

முதல் கேள்விக்கு வேலை விவரத்தை அடியிலிருந்து எழுதினோம். பழைய கடிதம் மாதிரி தொழில்நுட்பப் பெயர்களை அடுக்காமல், இழப்பீட்டு விதி ஒன்று எப்படி மென்பொருளாகிறது, அதற்குத் தரவு அமைப்பும் கணக்கியல் தர்க்கமும் ஏன் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் எங்கே பிழைக்கும் என்று எழுதச் சொன்னேன். அவரே உட்கார்ந்து எழுதினார். விசாப் பிரிவில் யாராலும் அப்படி எழுதியிருக்க முடியாது. 2017 எல்-1 மனுவுக்கு இந்த ஆறு பக்கம் இருந்திருந்தால் கதையே மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டக் கேள்வியில் நிறுவனங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டச் சான்றிதழை மதிப்பிட்டுத் தரும் தனியார் முகமைகளிடமே அனுபவத்துக்கும் சேர்த்து மதிப்பீடு வாங்கிவிடுவார்கள். முகமை மதிப்பிடலாம், ஆனால் படிப்பை மட்டும். அனுபவத்தைக் கல்லூரிப் படிப்புக்கு ஈடாக மதிப்பிட, அப்படி மதிப்பெண் வழங்கும் அதிகாரம் தன் கல்லூரியில் உள்ள ஒருவர் வேண்டும். அந்தக் கல்லூரியில் அதற்கான திட்டமும் இருக்க வேண்டும். அப்படி ஒரு பேராசிரியரிடம், அவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்ற கல்லூரிக் கடிதத்தோடு வாங்கினோம். அவர் 2015 என்ற ஆண்டை வைத்தே கணக்குப் போட்டார். மெக்கானிக்கல் பாடத்திட்டத்தில் இருந்த கணிதம், நிரலாக்கம், எண்முறைப் பாடங்களையும் எட்டரை ஆண்டு அனுபவத்தையும் சேர்த்துக் கணினி அறிவியல் இளநிலைக்கு ஈடு என்று முடித்தார். 2013 என்ற அந்தப் பொய் தேவைப்படவே இல்லை.

மூன்றாவதுதான் ஆளைக் கொன்றது. 2018 பிப்ரவரி 22 தேதியிட்ட யூஎஸ்சிஐஎஸ் குறிப்பாணை, வாடிக்கையாளர் இடத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்த வேலை கேட்ட காலம் முழுவதும் உண்மையாகவே இருக்கும் என்று நிரூபிக்கச் சொன்னது. அதற்கு வாடிக்கையாளரிடமிருந்து வாங்கும் கடிதம் நல்ல ஆதாரம். ஆனால் எந்த அமெரிக்க நிறுவனத்தின் சட்டப் பிரிவும் அந்தக் கடிதத்தை லேசில் தராது. நாளைக்கு இவர் எங்கள் ஊழியர் என்று யாராவது வழக்குப் போட்டால் என்ன ஆவது என்ற பயம். ஹார்ட்ஃபோர்டில் தர மறுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வேலை ஒப்பந்தம், கட்டண விலைச்சீட்டுகள், திட்ட அட்டவணை, இவர் பெயர் வரும் மின்னஞ்சல்கள், அந்தப் பக்கத் திட்ட மேலாளரின் தனிப்பட்ட உறுதிமொழி என்று திரட்டினோம். ஆர்எஃப்இக்கு அதிகபட்சம் 84 நாள் தருவார்கள். எங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவும் தேவைப்பட்டது.

2019 பிப்ரவரியில் ஒப்புதல் வந்தது. மூன்று ஆண்டு கேட்டதற்கு அந்த ஆண்டு டிசம்பர் வரைதான் கொடுத்தார்கள்; வேலை ஒப்பந்தம் அதுவரைதான் இருந்தது. அந்தக் குறிப்பாணையின் கைவண்ணம். பல நிறுவனங்கள் நீதிமன்றம் போய், 2020 மார்ச்சில் வாஷிங்டன் டி.சி. மாவட்ட நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்து, ஜூனில் யூஎஸ்சிஐஎஸ் அதைத் திரும்பப் பெற்றது. எங்கள் கோப்புக்கு அதெல்லாம் பிந்திவிட்டது.

மறுபடியும் ஜன்னல்

ஸ்டாம்பிங்குக்கு, அதாவது தூதரக விசா நேர்காணலுக்கு, அவரைத் தயார்செய்ய அதிக நேரம் எடுக்கவில்லை. டிஎஸ்-160இல் மறுப்புக் கேள்விக்கு 'ஆம்' போட்டு, விளக்கப் பெட்டியில் மாதம், இடம், வகை, சொல்லப்பட்ட காரணம், இப்போது கேட்பது யூஎஸ்சிஐஎஸ் ஒப்புக்கொண்ட வேறு வகை என்ற விவரம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதினோம். அதில் வாதம் எதுவும் இல்லை. சிலர் அந்தப் பெட்டியில் முதல் மறுப்பு அநியாயம் என்று கட்டுரை எழுதுவார்கள். அதனால் பிரயோஜனம் இல்லை.

எச்-1பியில் ஜன்னலின் வேலையே வேறு. மனு ஏற்கெனவே ஒப்புதலாகியிருக்கிறது. புதிதாக ஏதேனும் தெரியவந்தாலொழிய அதிகாரி அந்த ஒப்புதலை மதித்தே நடக்க வேண்டும். அவருக்கு எஞ்சிய கேள்வி, எதிரில் நிற்பவர் மனுவில் இருப்பவர்தானா, மனுவில் சொன்னது மெய்தானா என்பது. பழைய மறுப்பு முளைக்கும் இடம் அதுதான்.

முளைத்தது. எல்-1 ஏன் மறுக்கப்பட்டது என்று அதிகாரி கேட்டார். தனித்தேர்ச்சி நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னார்கள் என்றார். இப்போது என்ன மாறியிருக்கிறது? "வேலை மாறவில்லை, விசா வகைதான் மாறியிருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். எப்போதிலிருந்து லீட் என்ற கேள்வியும் வந்தது. 2015 ஜூலை. அதிகாரி திரையைப் பார்த்தபடியே இருந்துவிட்டு, 221(ஜி) தாள் ஒன்றைக் கொடுத்து வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் புதிய நகலைக் கேட்டார். அந்தத் தாளைப் பார்த்து வீட்டில் அழுகை. 221(ஜி) என்றால் கோப்பு இன்னும் முழுமையாகவில்லை என்று அர்த்தம். கேட்டதைக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டிஎஸ்-160இல் அதுவும் ஒரு மறுப்பாகவே கணக்கில் வரும் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லி வைத்தேன், அடுத்த படிவத்துக்காக. நகலைக் கொடுத்தோம். சில வாரங்களில் பாஸ்போர்ட் விசாவோடு வந்தது.

மனைவி கூடவே போனார், எச்-4இல். வேலை அனுமதி இல்லாமல்.

இதே கோப்பு இன்றைக்கு வந்தால் எச்-1பியைச் சொல்ல மாட்டேன். 2020 முதல் மார்ச்சில் மின்னணு முன்பதிவு; அன்றைக்கு 10 டாலர், 2025 முதல் 215 டாலர். அது பெரிய விஷயமில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 19 அன்று வெளியான பிரகடனம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டச் சொல்கிறது. முதலில் 12 மாத காலத்துக்கு என்று அறிவித்தார்கள். மறுக்கப்பட்டு விருதுநகரில் உட்கார்ந்திருக்கும் ஒரு லீடுக்காக எந்த நிறுவனமும் அந்தத் தொகையை எடுத்து வைக்காது. எல்-1க்கு அந்தக் கட்டணம் இல்லை. அன்று மனைவிக்காக அவர்கள் விரும்பிய தனி எல்-1 மனுதான் இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்த வழி. அதற்கு ஹார்ட்ஃபோர்டில் எங்கள் மேலாளர் ஒருவர் உண்மையாகவே இருக்க வேண்டும். அந்த ஆறு பக்கம் மனுவின் முன்பகுதியில் வர வேண்டும். பிளாங்கெட்டில் மறுக்கப்பட்ட காரணம், மறுத்த தூதரகம், தேதி மூன்றையும் நிறுவனமே மனுவில் எழுத வேண்டும். இந்தக் கடைசி விஷயம் விதியிலேயே இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தேவையில்லை.